ஒரே கட்டிடத்துல 5 சதவீதமும் 88 சதவீதமும்: அமெரிக்க இமிக்ரேஷன் ஜட்ஜுங்களோட கிராண்ட் ரேட்டை எப்படி படிக்கிறது

மயாமி இமிக்ரேஷன் கோர்ட்டுல கொலம்பியாவுலேந்து தப்பிச்சு வந்தவங்க போட்ட அசைலம் கேஸை, அதாவது அடைக்கலம் கேட்டுப் போட்ட கேஸை எடுத்துக்குங்க. ஒரு ஜட்ஜ் முன்னாடி போனவங்கள்ல 100க்கு 5 பேர் ஜெயிச்சாங்க. அதே கட்டிடத்துல இன்னொரு ஜட்ஜ் முன்னாடி போனவங்கள்ல 100க்கு 88 பேர். ஜயா ராம்ஜி-நொகாலஸ், ஆண்ட்ரூ ஷோன்ஹோல்ட்ஸ், ஃபிலிப் ஷ்ராக்னு மூணு சட்டப் பேராசிரியருங்க 2007ல ஸ்டான்ஃபர்ட் லா ரிவியூவுல போட்ட ஆய்வுல இருக்கிற கணக்கு இது. 2000லேந்து 2004 வரைக்கும் 247 இமிக்ரேஷன் ஜட்ஜுங்க தீர்ப்பு சொன்ன 78,459 அசைலம் கேஸை உக்காந்து பிரிச்சு மேஞ்சிருக்காங்க. தலைப்பே 'ரெஃப்யூஜி ரவுலட்'னு வச்சாங்க, சூதாட்டச் சக்கரம் எங்க நிக்குதோ அங்க உன் தலையெழுத்துங்கிற அர்த்தத்துல.

ஒரு ஜட்ஜ் 100க்கு எத்தன பேருக்கு அசைலம் குடுத்தாருங்கிறதுதான் கிராண்ட் ரேட். இந்த மாதிரி நம்பரை நம்ம ஆளுங்க எப்படி பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். ஹியரிங் நோட்டீஸ் கைக்கு வந்த உடனே ஜட்ஜ் பேரை போன்ல தேடுறாங்க, 92 சதவீதம் டினையல், அதாவது மறுப்புன்னு வருது, அன்னிக்கு ராத்திரியே "அண்ணா இனிமே கோர்ட்டுக்குப் போயி என்ன பிரயோஜனம்"னு கேக்குறாங்க. இன்னொரு பக்கம் நல்ல ஜட்ஜ் மாட்டிட்டாருன்னு சந்தோஷப்பட்டு பேப்பர் வேலையை கோட்டை விடுறவங்களும் உண்டு. ரெண்டு பேருமே அந்த நம்பரை தன்னோட கேஸுக்கான சான்ஸுன்னு நெனச்சுக்கிறாங்க. அந்த நம்பர் அது கிடையாது. அப்ப என்னதான் அதுன்னு மயாமி கேஸையே வச்சு பாத்துடலாம்.

மயாமி நம்பர் ஏன் அவ்வளவு பலமானதுன்னா, அதுல ஏற்கனவே நிறைய விஷயம் சமமாக்கப்பட்டிருக்கு. ஒரே கோர்ட்டு, அதனால மேல் கோர்ட்டோட முன்தீர்ப்புங்களும் ஒண்ணுதான். ஒரே நாட்டு ஆளுங்க, அதனால ஊர் நிலவரம் பத்தி ஸ்டேட் டிபார்ட்மென்ட் போடுற ரிப்போர்ட்டும் ஒண்ணுதான். அரசாங்கத் தரப்புல வாதாடுற லாயருங்களும் ஒரே ஆபீஸ்காரங்க. ஒரு கோர்ட்டுக்குள்ள கேஸை ஜட்ஜுங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிறது பொதுவா குலுக்கல் மாதிரிதான் நடக்கும், "நல்ல கேஸ் எல்லாம் இவருக்கு, பலவீனமான கேஸ் எல்லாம் அவருக்கு"ன்னு யாரும் பொறுக்கி குடுக்கிறதில்ல. இவ்வளவும் சமமா இருந்தும் 5க்கும் 88க்கும் இடைவெளி வருதுன்னா மிச்சம் இருக்கிறது மேடையில உக்காந்திருக்கிற மனுஷர்தான். இந்த ஒப்பீடு எனக்கு இன்னிக்கும் வயித்தைக் கலக்குது, ஏன்னா அந்த 83 பாயிண்ட் இடைவெளிக்குள்ள விழுந்தவங்க எல்லாருமே உயிருக்கு பயந்து வந்தேன்னு சத்தியம் பண்ணி சாட்சி சொன்னவங்க.

அதே ஆய்வுல இன்னும் சில நம்பர் இருக்கு. பெண் ஜட்ஜுங்க 53.8 சதவீதம் கேஸ்ல அசைலம் குடுத்தாங்க, ஆண் ஜட்ஜுங்க 37.3. லாயர் வச்சிருந்தவங்கள்ல 45.6 சதவீதம் ஜெயிச்சாங்க, லாயர் இல்லாம தனியா நின்னவங்கள்ல 16.3 தான். இதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் அமலாக்கத் துறையில, அதாவது ஆளுங்களை திருப்பி அனுப்புற பக்கத்துல வேலை பாத்துட்டு ஜட்ஜ் ஆனவங்க கம்மியா குடுத்தாங்க. லாயர் நம்பரை மட்டும் மனசுல வச்சுக்குங்க, திரும்ப வரும்.

இந்த ஜட்ஜுங்க யாருங்கிறது பல பேருக்குத் தெரியல. கறுப்பு கவுன் போட்டிருப்பாங்க, மேடை இருக்கும், எழுந்து நிக்கச் சொல்லுவாங்க, ஆனா இவங்க சுதந்திரமான நீதித்துறையைச் சேர்ந்தவங்க கிடையாது. நீதித் துறை அமைச்சகத்துக்குக் கீழ 1983ல ஆரம்பிச்ச ஈஓஐஆர்ங்கிற அலுவலகத்தோட ஊழியருங்க. அட்டர்னி ஜெனரல்தான் நியமிக்கிறாரு, அவரே ஒரு கேஸை தன் கைக்கு எடுத்து தீர்ப்பை மாத்தலாம், அது நாடு முழுக்க இருக்கிற எல்லா இமிக்ரேஷன் ஜட்ஜுக்கும் கட்டளை ஆயிடும். 2018 அக்டோபர்லேந்து வருஷத்துக்கு 700 கேஸ் முடிச்சாகணும்னு டார்கெட் வச்சாங்க, 2021ல எடுத்தாங்க. 2025ல டஜன் கணக்கான ஜட்ஜுங்களை காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்புனாங்க. ஒரு ஜட்ஜோட ரேட்டைப் பாக்கும்போது அதுல அவரோட மனசு மட்டும் தெரியாது, அவரோட முதலாளியோட கையும் தெரியும். தேசிய சராசரியே சாட்சி: 2012 நிதியாண்டுல டினையல் 44.5 சதவீதம், 2018ல 65. நடுவுல அசைலம் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாத்தவே இல்ல. 2018 ஜூன்ல அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் ஒரு தீர்ப்பு மூலமா வீட்டு வன்முறை, கேங் வன்முறை கேஸ்களோட கதவை பாதிக்கு மேல சாத்துனாரு, 2021 ஜூன்ல மெரிக் கார்லண்ட் அதை ரத்து பண்ணாரு, அதுக்கப்புறமும் இந்த இழுபறி நிக்கல. அதனால ஒரு ஜட்ஜோட ஆறு வருஷ சராசரின்னு பாக்கிறீங்கன்னா அதுக்குள்ள ரெண்டு மூணு வேற வேற சட்ட நிலவரம் கலந்து கிடக்கு.

நம்பர் எங்கேந்து வருதுன்னா, சிராக்யூஸ் யூனிவர்சிட்டியில ஆரம்பிச்ச டிராக்ங்கிற ஆய்வு அமைப்புகிட்டேந்து. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு கோர்ட்டு ரெக்கார்டை வாங்கி 2006லேந்து ஜட்ஜ் வாரியா போடுறாங்க. முதல் ரிப்போர்ட்லயே லாயர் வச்சிருந்தவங்களோட கேஸை மட்டும் எடுத்துப் பாத்தப்ப ஒரு மயாமி ஜட்ஜ் கிட்டத்தட்ட 97 சதவீதம் மறுத்திருந்தாரு, ஒரு நியூயார்க் ஜட்ஜ் கிட்டத்தட்ட 10 சதவீதம்தான் மறுத்திருந்தாங்க. அதே வருஷம் அட்டர்னி ஜெனரல் ஆல்பெர்ட்டோ கொன்ஸாலஸ், சில ஜட்ஜுங்க நடந்துக்கிற விதம் சரியில்லன்னு வெளிப்படையா எழுதி 22 சீர்திருத்தம் அறிவிச்சாரு. அதுக்கு முந்தின வருஷமே சிகாகோவுல இருக்கிற 7வது சர்க்யூட்ங்கிற ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுல ஜட்ஜ் ரிச்சர்ட் போஸ்னர் ஒரு தீர்ப்புல கணக்கு போட்டு காட்டியிருந்தாரு, ஒரு வருஷத்துல தங்ககிட்ட வந்த 136 இமிக்ரேஷன் அப்பீல்ல 40 சதவீதத்தை முழுசாவோ பகுதியாவோ திருப்ப வேண்டியதா போச்சு, அரசாங்கம் எதிர்த்தரப்பா இருக்கிற மத்த சிவில் கேஸ்ல இது 18 தான்னு.

சரி, இப்ப படிக்கிற விதம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம், ஆனா ஜட்ஜ் ரேட்ல அது செல்லுபடி ஆகணும்னா முதல்ல ஒரே பானையான்னு பாக்கணும். எல்லா ஜட்ஜுக்கும் ஒரே மாதிரி கேஸ் வர்றதில்ல. தடுப்புக்காவல்ல இருக்கிறவங்களோட கேஸை மட்டுமே பாக்குற ஜட்ஜுங்க இருக்காங்க, ஜார்ஜியாவுல ஊருக்கு ஒதுக்குப்புறமா இருக்கிற ஸ்டூவர்ட் டிடென்ஷன் சென்டர் மாதிரி இடத்துல. அங்க உள்ள இருக்கிறவரு லாயர் தேடவும் முடியாது, ஊர்லேந்து போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரி சீட்டு, சாட்சிக் கடுதாசி வரவழைக்கவும் முடியாது, வேக வேகமா ஹியரிங் வச்சுடுவாங்க. அந்த ஜட்ஜோட 95 சதவீத டினையலையும், வெளியில லாயரோட ரெண்டு வருஷம் தயார் பண்ணிட்டு வர்றவங்களைப் பாக்குற ஜட்ஜோட 40 சதவீதத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறது நியாயமே இல்ல. அதான் முதல்ல சொன்ன 45.6க்கும் 16.3க்கும் உள்ள வித்தியாசம் இங்க வந்து உக்காருது, ஜட்ஜ் ஒண்ணுமே பண்ணாம இருந்தாலும் லாயர் இல்லாத கேஸா குவிஞ்சா அவரோட டினையல் ரேட் ஏறும். டிராக் ரிப்போர்ட்ல ஒவ்வொரு ஜட்ஜ் பக்கத்துலயும் எத்தன சதவீதம் பேருக்கு லாயர் இருந்துச்சு, எந்தெந்த நாட்டுக்காரங்க அதிகம், அதே கோர்ட்டோட சராசரி என்னன்னு போட்டிருப்பாங்க. பெரிய எழுத்துல இருக்கிற சதவீதத்தைவிட இந்த மூணையும்தான் முதல்ல படிக்கணும்.

நாட்டுக்காரங்க விஷயம் சின்னது இல்ல. மெக்சிகோ, ஹோண்டுராஸ், குவாதமாலாக்காரங்க கேஸ்ல கேங் பயம், வறுமை, குடும்பத் தகராறுன்னு கலந்து வரும், இனம், மதம், அரசியல் கருத்து மாதிரி சட்டம் சொல்ற அஞ்சு காரணத்துக்குள்ள அடக்குறது கஷ்டம், அதனால ரேட் கீழ இருக்கும். அரசாங்கமே அடக்குமுறை பண்ற நாட்டுலேந்து வர்ற பத்திரிகையாளர், எதிர்க்கட்சிக்காரர் கேஸ் நேரா பொருந்தும். முதல் வகை கேஸே அதிகமா வர்ற ஜட்ஜ் கல்நெஞ்சக்காரர் மாதிரி தெரிவாரு.

அடுத்தது, எதை எதால வகுக்கிறாங்கங்கிறது. இதுல பல பேர் ஏமாந்து போறாங்க. சும்மா ஒரு கணக்கா 100 கேஸ் முடிஞ்சுதுன்னு வைங்க, 20 பேருக்கு அசைலம் கிடைச்சுது, 20 பேருக்கு மறுத்தாச்சு, மிச்சம் 60 பேரோட மனு வாபஸ் ஆச்சு, கைவிடப்பட்டதுன்னு மூடுனாங்க, இல்ல வேற வழியில முடிஞ்சுது. தீர்ப்பு வந்த 40ஐ மட்டும் எடுத்தா கிராண்ட் ரேட் 50 சதவீதம். 100ஐயும் எடுத்தா 20 சதவீதம். ரெண்டுமே பொய் இல்ல. ஈஓஐஆர் வெளியிடுற கணக்குல "மற்றவை"யும் சேத்து சதவீதம் போடுறாங்க, டிராக் ஜட்ஜ் ரிப்போர்ட்ல தீர்ப்பு வந்ததை வச்சு போடுறாங்க, அதனாலதான் "10ல 9 அசைலம் கேஸ் பொய்"னு டிவியில ஒருத்தர் பேசுறதும் "பாதி பேர் ஜெயிக்கிறாங்க"ன்னு இன்னொருத்தர் பேசுறதும் ஒரே வருஷத்தைப் பத்தியா இருக்கலாம். அதோட, மனு மூடிப்போனது எல்லாம் பொய்க் கேஸ்னு சொல்றதுக்கு அந்தக் கணக்குல ஒரு ஆதாரமும் கிடையாது.

வகுக்கிற எண்ணுக்குள்ளயே வராதவங்களும் இருக்காங்க, இதுல நம்ம தமிழ் ஆளு ஒருத்தரோட கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. 2017 பிப்ரவரியில மெக்சிகோ எல்லையைத் தாண்டி சுமார் 25 கஜ தூரத்துக்குள்ள பிடிபட்ட ஒரு இலங்கைத் தமிழ் விவசாயி. தன்னை வேன்ல கடத்தி அடிச்சாங்கன்னு சொன்னாரு. அசைலம் ஆபீசர் அடி வாங்குனதை நம்புனாரு, ஆனா யாரு அடிச்சாங்க, எதுக்கு அடிச்சாங்கன்னு இவரால சொல்ல முடியலன்னு முதல் கட்ட வடிகட்டல்லயே, கிரெடிபிள் ஃபியர்னு சொல்ற அந்த இன்டர்வியூலயே தள்ளிட்டாரு. ஒரு இமிக்ரேஷன் ஜட்ஜ் அதை சரின்னு சொல்லிட்டாரு. இதை ஃபெடரல் கோர்ட்டுல கேள்வி கேக்க முடியுமான்னு போன கேஸ்ல 9வது சர்க்யூட் அவருக்கு சாதகமா சொல்லுச்சு, 2020 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டு 7-2ன்னு எதிரா சொல்லிடுச்சு. இலங்கையில ஆளுங்களைக் கடத்துற வெள்ளை வேன்னா என்ன, அதுல ஏத்திட்டுப் போறவங்க அடையாள அட்டை காட்டுவாங்களான்னு இலங்கைத் தமிழர் யாருக்கும் விளக்கத் தேவையில்ல. நான் இங்க சொல்ல வர்றது, இந்த மாதிரி வடிகட்டல்ல போனவங்க யாரும் ஜட்ஜுங்களோட அசைலம் டினையல் ரேட்ல ஒரு புள்ளியாக் கூட ஏறமாட்டாங்க. ஒரு ஜட்ஜ் கிரெடிபிள் ஃபியர் ரிவ்யூல வரிசையா தள்ளிக்கிட்டே இருந்தாலும் அவரோட அசைலம் பக்கம் சுத்தமா இருக்கும்.

தலைகீழாவும் நடக்கும், டினையல்னு கணக்குல ஏறுனவரு ஊருக்கு அனுப்பப்படாம இருப்பாரு. அமெரிக்கா வந்து ஒரு வருஷத்துக்குள்ள அப்ளை பண்ணணும்னு 1996 சட்டம் சொல்லுது, தவறுனவங்களுக்கு விதிவிலக்கு இல்லாட்டி அசைலம் கிடையாது, ஆனா வித்ஹோல்டிங்னு சொல்ற குறைஞ்ச பாதுகாப்போ, சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்துக்குக் கீழ பாதுகாப்போ குடுக்கலாம். புலிகளை 1997ல அமெரிக்கா பயங்கரவாத அமைப்பு பட்டியல்ல போட்டதால, வன்னியில இருந்தப்ப அவங்களுக்கு காசு குடுத்தவங்க, சாப்பாடு சமைச்சுப் போட்டவங்க, மிரட்டல்ல செஞ்சிருந்தாலும் பொருளுதவி செஞ்சவங்கங்கிற தடையில மாட்டுனாங்க. ஜட்ஜ் இவரோட கதையை அப்படியே நம்பிக்கிட்டே அசைலமை மறுக்க வேண்டி வரும், சித்திரவதை ஒப்பந்தப் பாதுகாப்பு மட்டும் குடுப்பாரு. இவரை டினையல்னு எண்ணுறதா, பாதுகாப்பு கிடைச்சவருன்னு எண்ணுறதா? டிராக் இப்ப "வேற நிவாரணம்"னு தனியா காட்டுறாங்க, அந்தக் கட்டத்தையும் பாருங்க.

இவ்வளவையும் கழிச்சிட்டா ஜட்ஜுக்கு ஜட்ஜ் வித்தியாசம் காணாம போயிடுமான்னா, போகல. அமெரிக்க அரசாங்கத்தோட தணிக்கை அமைப்பான ஜிஏஓ இதே வேலையை ரெண்டு தடவை செஞ்சுது. 2008 ரிப்போர்ட்ல நாடு, லாயர், இன்னும் பல விஷயத்தை சமமாக்குன பிறகும், தானா முன்வந்து அப்ளை பண்ணவங்களுக்கு அட்லாண்டாவைவிட சான் ஃபிரான்சிஸ்கோவுல அசைலம் கிடைக்கிற வாய்ப்பு 12 மடங்கு. 2016 ரிப்போர்ட்ல ஒரே மாதிரி ஒரு மனுதாரரை கற்பனை பண்ணி வேற வேற கோர்ட்டுக்கு அனுப்பிப் பாத்தா வாய்ப்பு 29 பாயிண்ட் வரைக்கும், வேற வேற ஜட்ஜுகிட்ட அனுப்பிப் பாத்தா 47 பாயிண்ட் வரைக்கும் மாறுது. நாடுகடத்தல் வழக்குக்குள்ள இருந்துக்கிட்டு அசைலம் கேக்குறவங்களுக்கு இது 38ம் 57ம். அதாவது எந்த ஊர்ங்கிறதைவிட எந்த ஜட்ஜ்ங்கிறது பெருசு. சான் ஃபிரான்சிஸ்கோன்னா தாராளமான கோர்ட்டுன்னு பேரு, ஆனா டிராக் 2016ல காட்டுனப்ப அதே கோர்ட்டுக்குள்ள டினையல் சுமார் 10 சதவீதத்துலேந்து 97 வரைக்கும் விரிஞ்சு கிடந்துச்சு. ஊர் மாறிப் போயிட்டா தப்பிச்சுடலாம்னு சொல்றவங்க இந்த 97ஐ கணக்குல எடுக்கணும், கேஸை வேற ஊருக்கு மாத்துறதுக்கு ஜட்ஜ்கிட்டயே தகுந்த காரணம் காட்டி மனு போடணுங்கிறதையும்.

அட்லாண்டா கதையை இன்னும் கொஞ்சம் சொல்லணும். 2015 நிதியாண்டுல அங்க டினையல் 98 சதவீதம். எல் சால்வடார்லேந்து வந்த ஒரு பெண்ணோட அப்பீல்ல இந்த நம்பரையே ஆதாரமா வச்சு, இந்தக் கோர்ட்டுல சமமான நீதி கிடைக்க வழியே இல்லன்னு 11வது சர்க்யூட்ல வாதாடுனாங்க. 2019ல மெஜாரிட்டி, புள்ளிவிவரத்தை மட்டும் வச்சு இந்தக் கேஸ்ல இந்த ஜட்ஜ் பாரபட்சமா நடந்தாருன்னு சொல்ல முடியாதுன்னு தள்ளுனாங்க. ஒரு ஜட்ஜ் மட்டும் ஒத்துக்கல, அந்த நம்பரை அப்படி ஒதுக்கி வச்சிட முடியாதுன்னு மாறுபட்டு எழுதுனாரு. என் மனசு அந்த மாறுபட்ட ஜட்ஜ் பக்கம்தான். ஆனா சட்டம் இன்னிக்கு மெஜாரிட்டி பக்கம் நிக்குது, "இவர் 95 சதவீதம் மறுக்கிறவரு, எனக்கு வேற ஜட்ஜ் குடுங்க"ன்னு கேட்டா நடக்காது, உங்க ஹியரிங்லயே அவர் என்ன சொன்னாரு, எந்த சாட்சியை பேசவிடல, எந்த ஆவணத்தை வாங்க மறுத்தாருன்னு குறிப்பிட்டுக் காட்டணும்.

அதனாலதான் அனுபவப்பட்ட லாயருங்க கடுமையான ஜட்ஜ்னு தெரிஞ்ச உடனே அப்பீலை மனசுல வச்சே முதல் நாள்லேந்து வேலை செய்வாங்க. மேல இருக்கிற அப்பீல் போர்டு, உண்மை விவரத்துல ஜட்ஜ் சொன்னதை தெளிவான தப்பு இருந்தாத்தான் தொடும். 2005 ரியல் ஐடி சட்டம் வந்தப்புறம் கேஸோட மையத்துக்கு சம்பந்தமே இல்லாத சின்ன முரணை வச்சும் "நம்பகமில்ல"ன்னு ஜட்ஜ் சொல்லலாம், முகபாவத்தை வச்சும் சொல்லலாம், அப்படி ஒரு தடவை எழுதிட்டாருன்னா மேல உடைக்கிறது ரொம்ப கஷ்டம். எல்லையில சொன்ன தேதி, ஐ-589ங்கிற அசைலம் மனு ஃபார்ம்ல எழுதுன தேதி, சாட்சிக் கூண்டுல சொல்ற தேதி, மூணும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலன்னா ஏன்னு முன்கூட்டியே எழுத்துல விளக்கணும். டாக்டர் ரிப்போர்ட், ஊர்ப் பெரியவங்க கடுதாசி, நிபுணர் சாட்சி, எல்லாமே கெடுவுக்கு முன்னாடி ஃபைல்ல ஏறியிருக்கணும், ஏன்னா ஃபைல்ல இல்லாததை அப்பீல்ல யாரும் படிக்கமாட்டாங்க. தாராளமான ஜட்ஜ்னா இதெல்லாம் வேண்டாமான்னா, வேணும், அரசாங்கத் தரப்பும் அப்பீல் போகலாம்.

ரேட்டைப் பாத்துட்டு பயந்து ஹியரிங்குக்குப் போகாம விடுறது மட்டும் வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேக்குறேன். ஆள் வரலன்னா அன்னிக்கே நாடுகடத்தல் ஆர்டர் போட்டுடுவாங்க, அதுக்கப்புறம் வேற சில நிவாரணத்துக்கும் பத்து வருஷம் கதவு சாத்திக்கும். கையில நல்ல கேஸ் இருந்தும் அது ஃபைலோட போயிடும். 95 சதவீதம் மறுக்கிறவருகிட்டயும் 100ல 5 பேர் ஜெயிச்சிருக்காங்க, அந்த அஞ்சு பேரும் கோர்ட்டுக்கு வந்தவங்க.

இன்னொண்ணு, நோட்டீஸ்ல இருக்கிற பேரு கடைசி வரைக்கும் அதே பேரா இருக்கும்னு இல்ல. 2025ல அத்தனை ஜட்ஜுங்க போனதால கேஸ் கை மாறிக்கிட்டே இருக்கு, ராணுவ லாயருங்களை தற்காலிக ஜட்ஜா போடுறதுக்கும் அதே வருஷம் அனுமதி குடுத்தாங்க. டிராக்ல ஒரு ஜட்ஜுக்கு தனி ரிப்போர்ட் வரணும்னா குறைஞ்சது 100 தீர்ப்பாவது இருக்கணும், புதுசா வந்தவருக்கு பக்கமே இருக்காது. அப்ப ஈஓஐஆர் நியமன அறிவிப்புல அவர் இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தாருன்னு போட்டிருப்பாங்க அதைப் படிங்க, அந்தக் கோர்ட்டோட சராசரியையும் உங்க நாட்டுக்காரங்களோட ரேட்டையும் பாருங்க, அந்த ஜட்ஜ் முன்னாடி இந்த மாசம் நின்ன லாயர் யாராவது இருந்தா அவர்கிட்ட பேசுங்க. ஹியரிங்குக்கு முந்தின வாரம் ஈஓஐஆர் தளத்துல உங்க ஏ-நம்பரை, அதாவது இமிக்ரேஷன் பேப்பர்ல இருக்கிற உங்க அடையாள எண்ணைப் போட்டு ஜட்ஜ் பேரு, தேதி ரெண்டும் மாறியிருக்கான்னு இன்னொரு தடவை சரிபாத்துடுங்க.